நிலம் விற்ற அம்மாள்

சுதந்திரம் வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கரமனை ஆற்றங்கரையில் ஒரு தோப்பும் வீடும் வாங்கினார். டவுனுக்குள்ளே இருந்த பழவங்காடியை விட்டு அங்கே குடிபோனோம். நிலத்தை எங்களுக்கு விற்ற மலையாளத்து அம்மாள், விற்ற பிறகும் தினமும் விடியற்காலையில் எங்கள் முற்றம் வழியாகவே ஆற்றுக்குக் குளிக்க வந்தாள். குட்டையான உருவம், தோள்வரை தொங்கும் வெறுங்காது. திரும்பும்போது ஈர முண்டோடு குனிந்து, உதிர்ந்த பலா இலைகளைப் பொறுக்கி மரத்தடியில் குவித்துவிட்டுத்தான் போவாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. யார் வீடு இது? ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சேச்சி, இது இப்போ எங்க எடமாக்கும்," என்றேன்.

"நெலமல்லே வித்தேன் மோளே, என் குளியும் வித்தேனோ?" என்று சிரித்தாள்.

ஆடிதோறும் ஆறு வீட்டுக்குள் வந்தது. சேறு வழித்து வழித்து என் இடுப்பு ஓய்ந்தது. கடைசியில் அவர் இடத்தை ஒரு மரவியாபாரிக்கு விற்றார். பேரம் முடிகிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அந்தச் சேச்சி குளிக்க வருவா. வழியை அடைக்கப்படாது," என்றேன். ஆண்கள் நடுவில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "ஆகட்டும்மா," என்றார் வியாபாரி.

மறுநாள் அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "அப்போ நீ எவிடே குளிப்பே?" என்று கேட்டாள்.

"டவுன்லே குழாய் இருக்கே."

"குழாயிலயோ!" என்று ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவினாள். வீட்டையும் தோப்பையும் பறிகொடுத்தவள் என்மேல் எதற்கு இரக்கப்பட்டாள் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.