எதுவும் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் செய்கிற ஒரு பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே பிரஸ் அடித்தால் மேலே மேசையில் டீ டம்ளர் நகரும். ஏழு பேர் வேலை செய்கிறோம். கணினிகளுக்கிடையில் ஓடும் தகவலைப் பிடித்து, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று பிரித்துக் காட்டும் ஒரு மென்பொருளை விற்கிறோம். தகவல் துண்டு துண்டாகத்தான் போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். பாக்கெட்டின் நெற்றியில் எழுதியிருப்பதற்கு ஹெட்டர் என்று பெயர். அந்த ஹெட்டரைப் படிக்கிற பாகம் என்னுடையது. வீட்டிலும் மாதா கோயில் வட்டாரத்திலும் நான் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும்தான் தெரியும் என்பதால், ஞாயிறு பூசை முடிந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டி, வாட்ஸ்அப் ஏன் மெதுவாக வருகிறது என்று கேட்பார். சார்ஜ் போடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

லூப்பேக் என்றால் ஒரு கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வது. ஒரே கணினிக்குள் இரண்டு புரோகிராம்கள் இருக்கும். ஒன்று கொடுக்கும், மற்றது வாங்கும். வெளியே எதுவும் போகாது. வெளியே போகிற பாக்கெட்டின் நெற்றியில் அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாக இருக்கும். தனக்குத்தானே பேசுவதற்கு அதெல்லாம் எதற்கு? அதனால் சில இயங்குதளங்கள் வெறும் நான்கு பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளே இருப்பது பழைய வகை முகவரியா, புதிய வகை முகவரியா என்று சொல்லும் ஓர் எண், அவ்வளவுதான். பழைய வகைக்கு இரண்டு. அதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்துவிட்டார்கள். புதிய வகைக்கு ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண் வைத்துக்கொண்டார்கள். என் மடிக்கணினியில் அது முப்பது. ஆகவே நான் எழுதிய பாகத்துக்கு இரண்டு தெரியும், முப்பது தெரியும். உலகத்தில் வேறு கணினிகளும் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு என் மேசைமேல் இருந்தது அது ஒன்றுதான்.

தெரியாத எண் வந்தால் முதலில் 'அறியாத வகை' என்று சிவப்பில் ஒரு வரி காட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பைப் பார்த்ததும் வாடிக்கையாளர்கள் போன் போடுவார்கள். வைரஸா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்பமாட்டார்கள். "அந்தச் செவப்ப எடுத்துடும்மா, பாக்கறவன் பயப்படறான்" என்றார் எங்கள் முதலாளி. எடுத்துவிட்டேன். தெரியாத எண் என்றால் சத்தம் போடாமல் அந்தப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடு என்று ஒரே ஒரு வரி எழுதினேன். போன்கள் நின்றன. அந்த ஒரு வரிக்காக நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

திருமழிசையில், வண்டி உதிரி பாகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிற ஒரு நிறுவனத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பெட்டிக்கு ஒட்டும் லேபிள் காலையில் ஒழுங்காக அச்சாகிறது, பதினொரு மணிவாக்கில் நின்றுவிடுகிறது, பேக்கிங் பிரிவு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள். லேபிளுக்கு வேண்டிய விவரத்தை அனுப்புகிற புரோகிராமை எழுதியவர் அந்த நிறுவனத்தின் ஒரே கம்ப்யூட்டர் ஆள். ஐம்பதைத் தாண்டியவர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அதே கணினியில் அந்த விவரத்தை வாங்கி அச்சடிக்கிற மென்பொருள் பிரிண்டர் கம்பெனி கொடுத்தது. எங்களுக்கு எதுவும் வரவில்லை, வந்தால் அடிக்கமாட்டோமா என்று பிரிண்டர் கம்பெனி கையை விரித்துவிட்டது.

அவருடைய கணினியைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதிகம் பேர் தொடாத ஓர் இலவச இயங்குதளத்தை வைத்திருந்தார். எதற்கு இது என்று கேட்டேன். "நின்னதே இல்ல மேடம்" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் மென்பொருளை அதில் ஓடவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினொன்று பத்து வரை அவர் புரோகிராமிலிருந்து பாக்கெட்டுகள் வரிசையாகப் போயின. பதினொன்று பத்துக்கு லேபிள் நின்றது. அதற்குப் பிறகு திரையில் ஒரு பாக்கெட்கூட இல்லை. துடைத்துவிட்டதுபோல இருந்தது.

"அனுப்புறது நின்னுடுச்சு சார்" என்றேன்.

"அனுப்புது மேடம். என் லாக்ல கீது பாருங்க. பழைய அட்ரஸ்ல பதில் வரலன்னா புது அட்ரஸுக்குத் தானா மாறிடும். அப்படித்தான் எழுதி வச்சிகினு கீறேன்."

"லாக் உங்க புரோகிராம் தானே எழுதிக்கிற குறிப்பு சார். இது ஒயர்ல பிடிச்சது."

தனக்குத்தானே பேசுகிற கணினியில் ஒயர் கிடையாது. அது அவருக்கும் தெரியும். என்னைத் திருத்தவில்லை. புது அட்ரஸ் என்று அவர் சொன்ன இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் கருவிமேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி. 'பதினொன்று பத்துக்குப் பிறகு அனுப்பும் புரோகிராமிலிருந்து எதுவும் போகவில்லை. பிழை அனுப்பும் பக்கமே' என்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை கொடுத்துவிட்டு, பூந்தமல்லி வழியாக பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திருமுல்லைவாயிலில் மட்டன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் என் எண் இருக்கும். அதைப் பார்த்துத் திருமழிசைக் கம்ப்யூட்டர் ஆள் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், ஞாயித்துக்கெழம தொந்தரவு. அஞ்சு நிமிசம் போதும்."

"சொல்லுங்க சார். கடையில நிக்கிறேன்."

"என்னை வர சனிக்கெழமையோட நின்னுக்க சொல்லிட்டாங்க. அது பரவால்ல, நீங்க பாத்தத எழுதினீங்க. நான் தனியா கொஞ்சம் பாக்கெட் புடிச்சி வச்சிகினு கீறேன். பதினொன்னு பத்துக்கு அப்பால வந்தது. மொத நாலு பைட்ட மட்டும் படிக்கட்டா?"

"படிங்க."

"ஒண்ணு, சி. அப்பால மூணு ஜோடி சைபர்."

எங்கள் கணக்கில் ஒன்பதுக்கு மேல் எழுத்துகள் வரும். சி என்றால் பன்னிரண்டு. முன்னால் இருக்கும் ஒன்று பதினாறு. இரண்டையும் கூட்டினேன்.

"உனக்கு எவ்ளோம்மா?" என்றார் கடைக்காரர்.

"இருபத்தெட்டு" என்றேன்.

"கிலோவா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அரைக்கிலோ என்று விரலால் காட்டினேன். போனில் அவர் கேட்டார்: "உங்க கருவி இருபத்தெட்டுன்னு வந்தா இன்னா பண்ணும் மேடம்?"

"பாத்துட்டு சொல்றேன் சார்" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதியவள் நான். இருபத்தெட்டு வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த வரிசையில் நின்றபடியே தெரியும். அந்த மனிதர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, நான்கு பைட்டைக் கையால் படித்து, என் தவறு எந்த வரியில் இருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டு, அதை ஒரு கேள்வியாக மரியாதையாகக் கேட்கிறார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். வெட்கமாக இருந்தது. வாங்கிய கறியை வீட்டில் குழம்பு வைத்தார்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை, எழுதாமல் விட்ட எண்களை எல்லாம் எழுதினேன். ஏற்கெனவே இருந்த முப்பதோடு இருபத்துநான்கு, இருபத்தெட்டு. பத்து நிமிட வேலை. அவர் பிடித்து வைத்திருந்ததை வாங்கி மறுபடி ஓடவிட்டேன். பதினொன்று பத்துக்குப் பிறகு திரை நிறைய பாக்கெட்டுகள். லேபிள் விவரம் ஒன்று விடாமல் போயிருக்கிறது. பிரிண்டர் பக்கம் 'வாங்கிக்கொண்டேன்' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறது. வாங்கிக்கொண்டதோடு சரி, அச்சடிக்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தொழிலில் தவறு என்ற சொல்லை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

"அடுத்த வெர்ஷன்ல 'மேலும் பல இயங்குதளங்களுக்கு ஆதரவு'ன்னு ஒரு வரி போட்டுடலாம்மா" என்றார். "ரிப்போர்ட்டு போனது போனதுதான்."

"அந்த ஆளுக்கு சனிக்கிழமையோட வேலை போகுது சார்."

"நாம சொல்லியா அனுப்பறாங்க?"

"ஆமா சார். நாம சொல்லித்தான்."

கீழே பிரஸ் இரண்டு முறை அடித்தது. அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். "சரி, நீயே போய் சொல்லு. கம்பெனி லெட்டர்ஹெட் வோணாம்."

திருத்திய அறிக்கையை லெட்டர்ஹெட்டில்தான் அச்சடித்தேன். முதல் அறிக்கை அதில்தானே போனது? செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே திருமழிசை போய்விட்டேன்.

அந்த நிறுவனத்தின் முதலாளி இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. "மிஸ்டேக் யாருக்கும் வரும் மேடம். அப்ப பிரிண்டர்காரனதான் புடிக்கணும்" என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து அந்தக் கம்ப்யூட்டர் ஆளை வரவழைத்தார். "நீங்களே கன்டின்யூ பண்ணுங்க. சனிக்கெழமை மேட்டர் கேன்சல்."

ஒரு மனிதனின் வேலை போனதும் வந்ததும் அவ்வளவு சுலபமாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது, அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன். அவர் நகரவில்லை.

"இருக்கேன் சார். ஆனா இதையும் படிக்கணும்" என்றார்.

"நான் படிச்சிட்டேன்யா."

"அங்க படிக்கணும் சார்."

எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். போன வெள்ளிக்கிழமை காலை, பேக்கிங் பிரிவில் எல்லோரையும் நிறுத்திவைத்து, இத்தனை நாள் வேலை நின்றதற்கு யார் காரணம் என்று முதலாளி என் அறிக்கையை வாய்விட்டுப் படித்திருக்கிறார். எதுவும் போகவில்லை என்று ஒரு கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது, போகிறது போகிறது என்று இவர் இத்தனை நாள் ஏமாற்றிக்கொண்டிருந்தார் என்று சொல்லியிருக்கிறார். கீழே இருந்த என் பெயரையும் படித்தாராம்.

"என் ஊட்டுக்காரம்மா அங்கதான் வேல செய்யுது மேடம். அன்னிக்கு அது அங்கதான் நின்னுகினு இருந்திச்சி. மூணு நாளா யாரும் அதுங்கூட உக்காந்து சாப்பிடல. எனக்கு வேல இல்லன்னாகூட வேற எடம் பாத்துக்குவேன். அது இங்கதான் நிக்கணும்."

"அதெல்லாம் எதுக்குய்யா லேபர் முன்னாடி" என்றார் முதலாளி. போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"நான் படிக்கிறேன் சார்" என்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால்கூட தொண்டை சரியில்லை என்று தப்பித்துவிடுகிற ஆள் நான்.

பேக்கிங் பிரிவில் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி தொப்பி. அவர் மனைவி யார் என்று அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தாளைப் பிரித்தேன். 'லூப்பேக் ஹெட்டரில் முகவரிக் குடும்ப எண்ணைப் பகுப்பாய்வு செய்வதில் ஏற்பட்ட' என்று தொடங்கியது. நான்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு வரி படிப்பதற்குள் பின்னால் ஒருத்தி கொட்டாவி விட்டாள். தாளை மடித்துவிட்டேன்.

"போன வாரம் இவரு புரோகிராம் எதையும் அனுப்பலன்னு எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன். "அது தப்பு. இவரு அனுப்பினாரு. எல்லாத்தையும் அனுப்பினாரு. எங்க மெஷினுக்கு அதப் படிக்கத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கணும். வரவே இல்லன்னு சொல்லிடுச்சு. அப்படிச் சொல்ல வச்சதும் நான்தான். இவரு பொய் சொல்லல."

அவர் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பெண், பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பைக் கையில் பிடித்தபடி, "கடைசியா ஒண்ணு சொன்னியேம்மா, அத்த இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

"இவரு பொய் சொல்லல" என்றேன்.

"பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல."

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.