ஒரு கழி தூரம்

ஆவி, ஆத்மா என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வெள்ளைக்காரர் கோட்டைக் கிடங்கில் துணிப்பொதிகளுக்கு அடையாளம் எழுதுவது என் வேலை. கண்ணால் பார்க்காத எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. வீட்டிலும் அதே புத்திதான். எந்தத் திதியில் மழை வந்தது, எந்த மாதம் முகத்துவாரம் மணல் மூடியது, எல்லாம் ஓலையில் குறித்து வைப்பேன், கைக்குக் கிடைத்த ஏடுகளையெல்லாம் படிப்பேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அது ஒரு சித்திரை. பழவேற்காட்டில் அப்படி ஒரு வெயிலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஏரி வற்றிக் கரை எங்கேயோ போய்விட்டது, சேற்றில் இறால் வெந்து கிடந்தது. அதோடு காய்ச்சலும் வந்தது. எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒருவராவது படுத்தார்கள். என் மனைவி அஞ்சலைக்கு வந்தபோது எங்கள் மகள் செல்லி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

அஞ்சலையை யாரும் போகச் சொல்லவில்லை. உடம்பு சுட்ட அன்றே, குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் கொடுக்க ஒப்படைத்துவிட்டு, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் இருந்த வலைக் குடிசைக்குத் தானே போய்விட்டாள். அவள் தம்பி தேசப்பன் ஏரியில் படகு ஓட்டுகிறவன். படகு தள்ளும் மூங்கில் கழியை அவனிடம் வாங்கித் தனக்கு முன்னால் மணலில் கிடத்தினாள். "புள்ளய அந்த முனைக்கு அப்பால வெச்சுக்கோ, நான் இந்த முனையில இருக்கேன்" என்றாள். தினமும் சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவேன். அம்மாவைப் பார்த்ததும் அது தவழ்ந்து போகும். அது ஒரு முழம் முன்னே வந்தால் இவள் ஒரு முழம் பின்னே நகர்வாள். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கும். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் புளியமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள். வெயிலில் அவை பட்ட பாடு கொஞ்சமில்லை. இறக்கையால் விசிறிக்கொண்டே இருக்கும், இறக்கையை நக்கி நக்கி ஈரமாக்கும், உச்சிக் கிளையை விட்டு நிழல் தேடித் தாழ்ந்து வரும். அந்தியில் ஏரிமேல் தாழப் பறந்து வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய், தொங்கியபடி அந்த ஈரத்தைக் குடிக்கும். படுத்த படுக்கையில் அஞ்சலைக்கு வேறு வேலை என்ன, அதையெல்லாம் பார்த்து எனக்குச் சொல்வாள்.

"தோ, அந்த ஒத்தக் கிளையில ஒண்ணு கீது பாரு, காது கிழிஞ்சது. சீக்கு வந்துகீது அதுக்கு. யாரும் கொத்தல, தொரத்தல. அதுவா ஒதுங்கிப் போயி, கூட்டத்தையே பாத்துக்னு தொங்குது."

தேசப்பன் அதை அடித்துக் கறி சமைக்கலாமா என்று கேட்டான். இரைப்புக்கு வௌவால் கறி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அஞ்சலைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

"ஏன்டா, சீக்குல கெடக்கறத அடிச்சி சீக்குல கெடக்கறவளுக்குக் குடுப்பியா? அறிவுகீதா உனக்கு?"

"நல்லதுக்குதான் சொன்னேன், அக்கா."

"உன் நல்லது எனக்குத் தெரியும். நடு எலும்ப நீ சப்புவ."

மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

இரண்டொரு நாளில், விடியும் நேரத்தில் போய்விட்டாள். உடம்பை எடுக்க நாங்கள் போனபோது ஒற்றைக் கிளைக்கு நேர்கீழே அந்த வௌவாலும் செத்துக் கிடந்தது. கிழிந்த காதை நானே பார்த்தேன். தேசப்பன் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, அஞ்சலையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னக் குழி தோண்டிப் போட்டான். "அக்காவுக்குப் பேச்சுத்தொணை, மாமா" என்றான். பிறகு அந்தக் கழியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் போட மனமில்லாமல், கூரை வாரியில் படுக்கவாட்டில் கட்டினான். ஒரு முனை தூளிக்கு மேலே இருந்தது, இன்னொரு முனை வாசல் பக்கம்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் செல்லியின் உடம்பு கொதித்தது. காய்ச்சலா, வெயிலா, இன்றுவரை தெரியாது. பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை, அதுதான் எனக்குப் பயம். அதற்கு முந்தின நாள்களில் குப்பத்தில் இரண்டு கைக்குழந்தைகள் இப்படித்தான் அழுகை நின்று போயின. தேசப்பன் வைத்தியரைத் தேடி ஓடினான். நான் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு விசிறினேன், விசிறினேன், கை மரத்துவிட்டது. அஞ்சலைக்கு விழித்த இரவுகள் எல்லாம் சேர்ந்து வந்து அமுக்கின. எப்போது கண் செருகியது என்று தெரியாது.

பீரங்கிச் சத்தத்தில் விழித்தேன். கடலில் கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது, மரியாதைக்குக் கோட்டையில் வெடி போடுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் புளியமரத்து வௌவால்கள் மொத்தமும் அந்த வெயிலில் எழும்பின, எழும்பினவை பொத்துப் பொத்தென்று விழுந்தன. விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

அப்போது முகத்தில் காற்றுப் பட்டது. வெளியே ஓலை அசையவில்லை.

நம்பினால் நம்புங்கள், கழியின் வாசல் பக்க முனையில் ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. தூளியைப் பார்த்தபடி, ஒரே சீராக, இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தது. அந்த விசிறல் தனக்கு இல்லை. காது கிழிந்திருந்தது.

வைத்தியர் கிடைக்காமல் திரும்பிய தேசப்பன் வாசலில் வந்து நின்றான். அவனும் பார்த்தான். "மாமா," என்றான். "அசையாத. காலையில அது மேல நான் தான மண்ணு தள்ளினேன்."

வெயில் தாழ்ந்ததும் அது தேசப்பனின் தலையை உரசிக்கொண்டு வெளியே போனது. நான் தூளியைத் தொட்டேன், துணி முழுக்க ஈரம். பிழிந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஏரித் தண்ணீரின் உப்பு. வீட்டுப் பானையில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். செல்லி கண் விழித்து, பசித்து, வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் தேசப்பனும் குழந்தைகள் போல அழுதோம். அந்திக்குள் தேசப்பன் போய் அந்தச் சின்னக் குழியைத் தோண்டிப் பார்த்தான். சுற்றிய துணி இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. நாய் தோண்டியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நாய் தோண்டினால் துணி சுற்றினபடியே இருக்குமா?

செல்லிக்கு இப்போது கல்யாண வயது. கழி இன்னும் அதே வாரியில்தான் இருக்கிறது. சித்திரை வெயில் உச்சத்துக்கு ஏறும் நாள்களில் ஒரு பகலாவது அது வரும், வாசல் பக்க முனையில் தொங்கும். போன சித்திரையில் செல்லி வேண்டுமென்றே நகர்ந்து போய் அந்த முனைக்குக் கீழே உட்கார்ந்தாள். அது பறந்து வந்து, முன்பு தூளி கட்டியிருந்த மறு முனையில் தொங்கியது. இவள் இந்தப் பக்கம் வந்தாள், அது அந்தப் பக்கம் போனது.

"அது இன்னாத்துக்கு நைனா என்னைக் கண்டா ஒதுங்கிப் போவுது?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் குடத்தைக் கையில் கொடுத்து அவளைக் கிணற்றுக்கு அனுப்பினேன். அவள் போன பிறகு, கழிக்குக் கீழே நின்று, வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "அஞ்சல, காய்ச்சல் போயி எவ்ளோ காலமாச்சு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. கிட்ட வா."

விசிறல் நின்றது. இரண்டு காதும் என் பக்கம் திரும்பின, அந்தக் கிழிந்த காதும். பிறகு மறுபடியும் விசிறத் தொடங்கியது, இருந்த இடத்திலிருந்தே.