சரசு சொன்ன சந்து

சென்ற வாரம் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், கெட்டி அட்டை போட்ட ஆய்வேடு. சுற்றுலாவும் திருவிழாக்களும் உள்ளூர் மக்களின் வாழ்க்கையில் உண்டாக்கும் விளைவுகள் பற்றியது. தலைப்பே இரண்டு வரிக்கு ஓடியது. உள்ளே நன்றியுரையில் என் பெயர். இவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வின் முக்கியமான பகுதி கிடைத்தே இருக்காது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

எத்தனையோ வருஷமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். என் பெயரை அச்சில் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்தது இதுதான் முதல் தடவை.

ஏன் என்று சொல்கிறேன். சுகமான கதை இல்லை...

போன வருஷம், தசரா முடிந்த மறு வாரம். தெரிந்த பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். தன்னிடம் பி.எச்.டி. செய்யும் மாணவி புனேயிலிருந்து வந்திருக்கிறாள், மைசூரில் தசரா சமயத்தில் நடைபாதை வியாபாரம் செய்கிறவர்களைப் பேட்டி காண்கிறாள், அதில் தமிழ் பேசும் பெண்களிடமிருந்து எதுவுமே பெயரவில்லை, நீங்கள் கொஞ்சம் கூடப் போக முடியுமா என்று கேட்டார்.

நான் மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழும் கன்னடமும் வாயில் வரும். நேரமும் இருந்தது. ஆராய்ச்சி என்றதும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

மாணவியின் பெயர் நிகிதா. நல்ல பெண். வெயிலில் தொப்பிகூட இல்லாமல் அலைவாள். கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர்களைத் தேட வேண்டாம், கிடைக்க மாட்டார்கள்.

அவளுக்கு நான் அழைத்துக்கொண்டு போய்க் காட்டியது சரசுவை.

சரசு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துப் பெண், வீட்டில் பேசுவது தமிழ். நாற்பது வயதிருக்கும். கட்டட வேலைக்கு வந்த கணவனோடு மைசூர் வந்தவள். கணவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அதன்பிறகு சுருமுரி விற்கிறாள். தெரியாதவர்களுக்கு — பொரியில் கேரட், மாங்காய், மிளகாய்ப்பொடி, தேங்காய் எண்ணெய் போட்டுப் பிசைந்து பொட்டலத்தில் தருவார்கள். மைசூரில் அது இல்லாமல் சாயங்காலம் கிடையாது. எங்கள் பஸ் ஸ்டாப் பக்கம் அவளிடம்தான் நான் வழக்கமாக வாங்குவது.

நிகிதாவின் உதவியாளர் ஏற்கெனவே ஒரு தடவை சரசுவிடம் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். தசரா நல்லது, ஒரு தொந்தரவும் இல்லை.

நான் தமிழில் கேட்டேன். அவ்வளவுதான்.

முதலில் கேள்வித்தாள். 'தசராவால் எங்கள் ஊரின் பெருமை உயர்கிறது' — முழுவதும் ஒப்புக்கொள்கிறீர்களா, ஓரளவா, இல்லையா என்று வாசித்தேன்.

"ஒப்புக்கிட்டா என்ன பண்ணுவீங்கண்ணா?"

"குறிச்சுக்குவோம்."

"ஒப்புக்கலைன்னா?"

"அதையும் குறிச்சுக்குவோம்மா."

சரசு சிரித்துவிட்டாள். நிகிதாவும் காரணம் புரியாமலே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு சும்மா பேசினோம். அந்தச் சும்மா பேச்சில்தான் வினை.

"அந்தப் பத்து நாள்தாங்கண்ணா எங்களுக்கு வருசமே," என்றாள் சரசு. "ஊர்வலத்தன்னிக்கு காலையிலயே சனம் வந்து ரோட்டோரத்துல உக்காந்துக்கும். எந்திரிச்சா எடம் போயிரும். பசிச்சா என்ன பண்ணும்? கூடையோட நாம போனாத்தான உண்டு?"

"போலீஸ் உள்ளே விடறாங்களா?"

"எங்கீங்க விடறாங்க! பாஸ் இருந்தாத்தான். நமக்கெல்லாம் யாரு பாஸ் குடுக்கறா?"

"அப்புறம் எப்படிப் போறீங்க?"

கேட்டது நான். நிகிதா இல்லை. நான்.

சரசு அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஊர்வலம் போகும் சாலையை ஒட்டிய கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அந்தக் காலத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்காக விட்டது. அதன் கடைசியில் ஒரு இரும்புக் கதவு. பூட்டு எப்போதோ உடைந்துவிட்டது. அவள் குடியிருக்கும் வரிசையிலேயே இன்னும் ஐந்து பெண்கள் — ஒருத்தி கடலை, ஒருத்தி பூ, மற்றவர்கள் வெள்ளரி, மாங்காய் கீற்று. ஆறு பேரும் விடியும்போதே அந்த வழியாக உள்ளே போய்விடுவார்கள். போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் யாரும் கேட்பதில்லை.

"இத்தன வருசமா ரோட்டுலயே நிக்கறேன். ஆன அம்பாரியோட போறத ஒருக்காகூட ஒழுங்காப் பாத்ததில்லீங்க. அது வர்றப்பத்தான் யாவாரம் சூடா இருக்கும்," என்றாள்.

ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிகிதாவின் கண்கள் விரிந்தன. எழுதிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது சரசு கேட்டாள்: "இதனால எங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம் வருங்களா?"

"சேச்சே! உங்க பேரே வராதும்மா. நல்லதுதான் நடக்கும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

நான் கொடுத்த வாக்கை நிகிதா காப்பாற்றினாள். ஆய்வேட்டில் சரசுவின் பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. வெறும் ஒரு எண். ஆனால் இந்த வருஷம் கோடையில் முதல்கட்ட முடிவுகளை ஒரு கருத்தரங்கில் வாசித்தாள். நானும் போயிருந்தேன். ஏ.சி. ஹால், ரோஜாப்பூ கொடுத்து வரவேற்பு. திரையில் ஒரு வரைபடம் வந்தது. விழா ஏற்பாடுகளிலிருந்து விலக்கப்பட்ட ஏழைகள் எப்படித் தங்களுக்கென்று வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று உருக்கமாகப் பேசினாள். இவர்களுக்கு முறையான அனுமதி தர வேண்டும் என்று முடித்தாள். கைதட்டல். நானும் தட்டினேன்.

வரைபடத்தில் அந்தச் சந்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

விழாப் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கடைசியில் அந்தப் படத்தின் பிரதி வேண்டும் என்று கேட்டார். நிகிதா முகம் மலர்ந்து கொடுத்தாள். ஆய்வு செய்கிறவர்கள் எல்லாரும் ஏங்குவது அதற்குத்தானே — அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் வந்து நம் பேப்பரைக் கேட்பதற்கு?

இந்த வருஷம் தசரா முடிந்து பல நாள் சரசு பஸ் ஸ்டாப் பக்கம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அவள் குடியிருப்பைத் தேடிப் போனேன். முதல் வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டாள்.

"மறுக்காவும் எழுதிக்கிட்டுப் போக வந்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கதவ வெல்டு வச்சு அடச்சுட்டாங்க. செக்யூரிட்டிக்காரன் சொல்றான், நீங்கதான் சர்வேக்காரங்ககிட்டச் சொன்னீங்களாமேன்னு. நாங்க யாருங்க சொன்னோம்? உங்ககூட மணிக்கணக்கா உக்காந்து பேசுனது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

கதவு வெல்டிங் செய்யப்பட்டது ஊர்வலத்துக்கு முதல் நாள். ஆறு பேரும் கூடை நிறைய சரக்கோடு விடிகாலையில் போய்த் திகைத்து நின்றிருக்கிறார்கள். தடுப்பு வழியாகக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் நெருக்கியதில் இந்தப் பூக்காரப் பெண்ணின் கூடை மிதிபட்டிருக்கிறது. மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்து சரசுவோடு ஒருவரும் பேசுவதில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம். கணவனைத் தூக்கி உட்கார வைக்க, வேலைக்குப் போகிற நேரம் ஒரு கண் பார்த்துக்கொள்ள — அத்தனைக்கும் இந்த ஐந்து பெண்கள்தான் கை கொடுத்திருந்தார்கள். இப்போது அந்தக் கையும் இல்லை. அதனால்தான் அவள் வியாபாரத்துக்கே வரவில்லை.

"அவ சொல்லணும்னு சொல்லலை. நான்தான் துருவிக் கேட்டேன்," என்றேன்.

"கேட்டா? சொல்லிருவாளா?"

நாரைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கூட்ட நெரிசலில் யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான். அனுமதி கொடுக்கலாமே என்றேன். அது வேறு துறை என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பியவர், நல்லெண்ணத்தோடு சொன்னார்: "பெரும்பாலான ஆராய்ச்சி பீரோவில்தான் சார் தூங்கும். இதை நாங்கள் செயல்படுத்தியிருக்கிறோம்."

நிகிதாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அழுதாள். நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கித்தான் செய்தேன், பெயர் வெளியே வரவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் இல்லை. பெயரைக் காப்பாற்றினோம்... பிழைப்பைக் காப்பாற்றவில்லை. ஆய்வேடு அதற்குள் பைண்டிங்குக்குப் போய்விட்டிருந்தது.

குரல் இல்லாதவர்களின் குரலைக் கேட்கப் போகிறோம் என்று நோட்டும் பேனாவுமாகக் கிளம்புகிறோம். நிகிதா மட்டுமா? என்னைப் போல் பத்தி எழுதுகிறவர்களும்தான். அவர்கள் இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நமக்கு ஏன் தோன்றுவதில்லை? யார் கண்ணிலும் படாத இடம் என்பதால்தான் அங்கே அவர்களால் பிழைக்க முடிந்தது. நாம் வெளிச்சம் போட்டோம். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பூக்காரப் பெண்ணைப் பார்த்த அன்றைக்கே சரசுவையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. கட்டிலில் கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"மன்னிச்சுக்கோம்மா. நான் அவங்ககிட்ட வந்து பேசறேன். அஞ்சு பேர்கிட்டயும்."

"வேண்டாங்கண்ணா. நீங்க பேசினா இன்னும் பேச்சுத்தான் ஆகும்."

"இனிமே என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த தசராவுக்கு வேற ஒரு வழி பாத்து வச்சிருக்கேன். நான் ஒருத்திதான். அவங்க எங்கூட வரமாட்டாங்க."

எங்கே என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம்!

சரசு என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கண்ணா."