அஞ்சலை பிரஷ் துடைத்த வில்லை

இந்த ஊரில் உடைந்த கோப்பையைக் கண்ணாடிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. தெருமுனையில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று மூன்று தொட்டிகள் இருக்கின்றன. காலிச் சீசாக்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்டால் சத்தம் என்று சண்டைக்கு வருவார்கள். ஜெர்மனிக்கு வந்து ஐம்பது வருடம் தாண்டியும் இதெல்லாம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. சென்ற மாதம் என் பீங்கான் காப்பிக் கோப்பை உடைந்தது. துண்டுகளை வெள்ளைத் தொட்டியில் போடப் போனபோது கீழ்வீட்டு அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைன், நைன்! கெராமிக்!" என்றாள். கூடாது, இது பீங்கான் என்கிறாள். கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாதாம். எனக்குப் புரியவில்லையென்று நினைத்து அடுப்பு, நெருப்பு என்று நடித்தே காட்டினாள். விருத்தாசலத்தில் மூன்று வருடம் பீங்கான் சூளை திறந்தவனுக்கு!

துண்டுகளோடு மாடியேறி வந்தேன். சுவரைப் பார்த்தபடி நின்றேன். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பீங்கான் வில்லையை எடுத்துப்போக மறுநாள் மியூசியத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. உருவமில்லாத ஓவியங்கள் வரைகிறவன் நான். என் வாழ்நாள் வேலைகளையெல்லாம் திரட்டிக் காட்சி வைக்கிறார்கள். முதல் அறையில், முதல் சுவரில் அந்த வில்லை. என்னுடைய முதல் படைப்பு என்று அட்டைகூட அச்சடித்துவிட்டார்கள். அதை நான் வரையவில்லை.

அறுபதுகளின் கடைசியில், சென்னையில் ஓவியம் படித்து முடித்து, வேறு வழியில்லாமல் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்கு டிசைன் பார்க்கப் போனேன். பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற இடம். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அஞ்சலை. தினமும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். சுடுவதற்கு முன் எங்கள் சாயங்கள் எல்லாமே சேறு மாதிரி இருக்கும். நீலமாக வரப்போவது அப்போது கறுப்பாக இருக்கும். வரப்போகும் நிறத்தை மனதுக்குள் பார்த்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். படித்த எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

பிரஷ் துடைப்பதற்கென்று ஒவ்வொரு பெண்ணிடமும் ஒருமுறை சுட்ட சதுர வில்லை ஒன்று இருக்கும். சாயங்காலம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அஞ்சலை மட்டும் கண்ட இடத்தில் துடைக்க மாட்டாள். ஓரமாக ஒரு இழுப்பு. வெகு தூரம் தள்ளி ஒரு ஒற்று. பிறகு பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி யோசிப்பாள்.

"துடைக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா?" என்று கேட்டேன்.

"பொம்மைக்கு யோசிக்க என்னா சார் இருக்குது? எல்லாத்துக்கும் ஒரே முழி. இதுலதான் எங்க வைக்கறதுன்னு நாமளே பாக்கணும்."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "இவ வூட்டு வாசல்ல சாணி தெளிச்சாலும் இப்படித்தான் சார். முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்."

ஒரு சனிக்கிழமை அவள் தன் வில்லையைக் கழுவாமல், யாரும் பார்க்காதபோது சூளை மூலையில் பொம்மைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தவன் நான். வெள்ளையில் ஐந்தாறு தீற்றல்கள்தான். ஆனால் ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. அத்தனை வருடம் படித்தும் நான் எட்டாத ஒன்று, இன்னும் சூடு ஆறாமல் என் கையில் இருந்தது. சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதைத் துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்தேன்.

"மூலையில ஒரு வில்ல வெச்சிருந்தேன் சார்" என்று தயங்கியபடி வந்து நின்றாள்.

"அதுவா? வெடிச்சிடுச்சு. குப்பையில கொட்டிட்டாங்க" என்றேன்.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த பொம்மைகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். இரண்டு நாள், சோற்று நேரத்தில், அவள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் தேடினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்குள்ள ஓவியக் கல்லூரிக்கு நான் அனுப்பிய அந்த வில்லையின் போட்டோதான் எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. கல்லூரிப் பேராசிரியர் வில்லையைக் கையில் ஏந்தி, "உங்கள் கையா?" என்று கேட்டார். நான் நம்மூர்ப் பாணியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இல்லை என்று ஆட்டியதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அதன் பிறகு வரைந்த ஒவ்வொரு படத்தின் முன்னும், இது வேறு கை என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நடுங்கியிருக்கிறேன். முதல் படைப்பின் உயரத்தை இவர் மறுபடி தொடவேயில்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கோப்பை உடைந்த மறுநாள் மியூசியத்துப் பெண் வந்தாள். இது அஞ்சலை என்பவளுடையது என்று சொல்லிவிட்டேன். "ஓ, உங்களுடைய உதவியாளரா?" என்றாள். வரைந்தது அவள்தான் என்றேன். "இந்தியர்களுக்கு எவ்வளவு தன்னடக்கம்!" என்று என் தோளைத் தட்டினாள். வில்லையைத் தர முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவளுக்குக் கோபம். காட்சியைத் தள்ளிவைக்க நேரலாம் என்று கடிதம் வந்திருக்கிறது.

இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் மங்கலம்பேட்டை பாய், விருத்தாசலத்துப் பக்கத்து ஊர்க்காரர், அங்கே விசாரித்து அவளுடைய போன் எண் வாங்கித் தந்தார். அஞ்சலை விருத்தாசலத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன் போட்டு யாரென்று சொன்னேன்.

"யாரு, டிசைன் சாரா? உசுரோட இருக்கீங்களா!"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"அப்போ வெடிக்கல."

"இல்லைங்க. மன்னிச்சிடுங்க."

"இப்போ 'ங்க' போட்டு என்னா சார் ஆவப்போவுது? ஒரு சில்லாவது கெடச்சா என்னா நெறம் வந்துச்சின்னு பாத்துக்கலாமேன்னுதான் தேடுனேன். வெரல்ல தழும்பு இன்னும் இருக்குது." பிறகு கேட்டாள்: "மேல் மூலையில தனியா ஒரு நீலம் வெச்சேனே. அது வந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லாதீங்க" என்றாள். "நானே பாத்துக்கறேன்."

"போட்டோ அனுப்பட்டுமா?"

"போட்டோவுல நெறம் சரியா தெரியாது. நீங்களே கொண்டாந்து குடுங்க. பார்சல்ல போட்டுடாதீங்க. மறுபடியும் வெடிச்சிடுச்சின்னு சொல்லுவீங்க."

டிக்கெட் எடுத்துவிட்டேன். வில்லை என் வேட்டிக்குள் சுற்றி, கைப்பெட்டியில் இருக்கிறது. பீங்கானை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து சுண்டிப் பார்க்கிறேன். கணீரென்கிறது. இருந்தும் பயம் போகவில்லை. சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் சதுரமாக, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளின் வெள்ளையில் இருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, அங்கே வேறு ஏதாவது மாட்டலாமே என்றாள். ஆணியை இன்னும் பிடுங்கவில்லை. திரும்பி வருவதற்கு டிக்கெட்டும் எடுக்கவில்லை.