சோறு தின்னாத நாளில் எரிவது

அலுமினியத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு திண்டிவனம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் தட்டை அவரவரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். புத்தகங்களை வகுப்பிலேயே விட்டுவிட்டேன். தட்டை விட மனசு வரவில்லை. திரும்பினால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். நான் திரும்பவில்லை.

அன்று காலையில்தான் அறிவியல் வாத்தியார் உடம்பைப் பற்றி நடத்தினார். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடுப்பு. தின்ற சோறு சர்க்கரையாகி அங்கே போய்ச் சேர்கிறது. இழுக்கிற மூச்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எரிக்கிறது. நடப்பதற்கும் நினைப்பதற்கும் அதுதான் பலம் என்றார். பாடம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் எழுந்து கேட்டேன்.

“சோறு துன்னாத அன்னிக்கு இன்னா சார் எரியும்?”

வகுப்பு சிரித்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடச் சோறு கிடையாது. வீட்டிலிருந்த ஒரு குவளைக் கூழை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் குடித்தாளா என்று நான் கேட்கவில்லை.

நான் நக்கல் செய்வதாக நினைத்த வாத்தியார், “மைதானத்த சுத்தி ஓடு. எப்ப அணையுதோ அப்ப வந்து சொல்லு” என்றார்.

பன்னிரண்டு சுற்று ஓடினேன். சாப்பாட்டு மணி அடித்தது, சாம்பார் வாசனை வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வரிசையில் போய் நில் என்றார் வாத்தியார்.

“இன்னும் அணையல சார்” என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அரிசி மில்லில் நெல் அவிக்கிற பாய்லருக்குத் தீ போடுபவர். நேராக அவரிடம் போய் நின்றேன்.

“இன்னாடா, தட்டோட வந்துட்ட? எந்தக் கோயில் வாசல்ல குந்தப் போற?”

நடந்ததைச் சொன்னேன்.

“ஒரு வார்த்த சொல்லிட்டு சோத்தத் துன்னுருக்கலாமே.”

“நான் தப்பா இன்னா கேட்டேன், சொல்லு மாமா.”

 மாமா தன் தூக்குவாளியைத் திறந்து பாதிக் கூழை என் தட்டில் ஊற்றினார்.

சாயங்காலம் நடவிலிருந்து வந்த அம்மா, “நாளைக்கு நான் வந்து வாத்தியார் கால்ல உழுறேன்” என்றாள்.

“நீ வந்தா நான் பெங்களூருக்கு ரயிலேறிப் பூடுவேன்.”

ஓங்கின கையை அடிக்காமல் இறக்கினாள். ஓங்கும்போது அவளுடைய கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயின. பொங்கலுக்குச் சோப்பு தடவி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிய வளையல்கள். அடி விழாததில் எனக்குச் சந்தோஷம். வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

சோறு கிடைக்காவிட்டால் செல்கள் உடம்பிலிருக்கிற கொழுப்பை எரிக்கும், அதுவும் தீர்ந்தால் சதையை உடைத்து எரிக்கும் என்று, பல ஊர் சுற்றிய பிறகு ஒரு கம்பவுண்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வாத்தியாருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். என் கேள்வி சரியான கேள்விதான். இன்றைக்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தக் கேள்விக்கான பதில் அன்று என் கண்ணெதிரே அம்மாவின் வளையலாக முழங்கைக்கு வழுக்கியது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்மா கை ஓங்கிய மறுநாள் விடிந்ததும் பாய்லருக்கு உமி போடும் வேலையில் சேர்ந்தேன். வீராப்பாக ஒரு கூடையை அப்படியே கொட்டினேன். தீ அமுங்கிப் புகைந்தது.

“கொஞ்சங் கொஞ்சமா தூவுடா. மொத்தமா போட்டா மூச்சு முட்டி அணஞ்சிடும்” என்றார் மாமா.

கைப்பிடி கைப்பிடியாகத் தூவினேன். அன்று முழுக்க அணைய விடவில்லை.