மாமாவின் குதிக்காலும் என் எலிகளும்

எங்கள் ஊர் கல்லடியில் என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அம்மா வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "வெளிநாட்டில எலிக்கு வைத்தியம் பாக்கிறாள்."

அதில் பிழை சொல்ல முடியாது. உடம்பில் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களைக் கொண்டே புற்றுநோயை அழிக்கும் ஆராய்ச்சியில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. நான் குணப்படுத்தியவை எல்லாம் வெள்ளை எலிகள். குணமானதும் அவற்றைக் கொன்று, அறுத்து, உள்ளே பார்ப்போம். நன்றிகெட்ட தொழில்.

அப்படியிருக்கையில் அம்மாவின் தம்பிக்கே புற்றுநோய் வந்தது. மாமா கல்குடாப் பக்கம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். குதிக்காலில் கறுப்பாக வந்த ஒன்றை, கடற்கரையில் சிப்பி வெட்டிய காயம் என்று நம்பி நெடுநாள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அது தோல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது நுரையீரல்வரை போயிருந்தது. கொழும்பு டொக்டர் புதுவகை மருந்தொன்றைச் சொல்ல, மாமா எனக்குப் போன் எடுத்தார்.

"மருமகள், இந்த மருந்து என்ன செய்யும்? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு."

"நோயோட சண்டை பிடிக்கிற கலங்களுக்கு ஒரு பிறேக் இரிக்கு மாமா. புற்றுநோய் அதை அமத்திப் பிடிச்சிரிக்கு. மருந்து அந்தப் பிறேக்கக் கழட்டி விடும்."



"பிறேக் இல்லாம பஸ் ஓடினவனெல்லாம் எங்க கிடக்கிறான் எண்டு எனக்குத் தெரியும் புள்ள."

"அப்ப வேணாமா?"

"வேணாமெண்டு சொன்னனா? ஏத்தட்டும், பாப்பம்."

ஏற்றினார்கள். சில மாதங்களில் நான் லீவில் வந்தபோது மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். சரியாகச் சொன்னால், எங்கள் வீட்டுக் கக்கூசில் இருந்தார். அம்மாவின் நண்டுக் கறி சாப்பிட்ட நாளிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, நீ ஆக்கின நண்டு செத்து எத்தின நாள்?"

"உசிரோட வாங்கின நண்டுடா! நாங்களும்தானே திண்டம். உனக்கு மட்டும் என்ன?"

கதவுக்கு இருபுறமும் நின்று இருவரும் சண்டை பிடிக்க, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கட்டுமென்று அம்மா மாதுளங்கோது அவித்துக் கொடுத்தாள். மறுநாளும் நிற்கவில்லை. வெளியே வந்த மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். கட்டியிருந்த சாரம் இடுப்பில் தங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவிழ்த்துவிட்ட கலங்கள் சிலருக்கு நல்ல குடலையும் தாக்கும். அதை எத்தனையோ மாநாடுகளில் வண்ண வண்ண வரைபடமாகக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வரைபடத்துக்கு நாற்றம் இல்லை.

"மாமா, இது நண்டில்ல. மருந்துதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பிறேக் கழண்ட வண்டி குடலுக்குள்ள பூந்திட்டா?"

"ஓம்."

"நான் சொன்னன்தானே," என்றார். வென்ற முகத்தோடு என் தோளில் சாய்ந்தார். வாழ்நாளில் அவர் யார் மேலும் சாய்ந்து நான் கண்டதில்லை. பெரிய உடம்புக்காரர், பாரமே தெரியவில்லை.

ஓட்டோவில் பாலம் தாண்டி டவுனுக்குப் போனோம். வழி நெடுக அம்மா ஓட்டோக்காரரிடம், "நண்டில்ல தம்பி, மருந்து" என்று விளக்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கொழும்பு டொக்டரோடு பேசி, கலங்களை அடக்கும் ஊசி போட்டார்கள். வயிறு அடங்கியது. ஆனால் புற்றுநோய் மருந்தை இனி ஏற்ற முடியாது என்றார்கள். பாதியில் நின்றாலும் சிலருக்குப் பலன் நிலைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் 'சிலருக்கு' என்ற சொல்லை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. லீவு முடிந்து, ஒன்றும் சொல்லாமலே விமானம் ஏறினேன்.

பிறகொரு நாள் ஆய்வுகூட நடைபாதையில் நிற்கும்போது போன் வந்தது.

"புள்ள, நெஞ்சுக்குள்ள கிடந்த கட்டியெல்லாம் சுருங்கிப் போச்சாம். டொக்டரே சிரிச்சவர்."

"உண்மையாவா மாமா?"

"கண்ணகை அம்மனுக்குப் பொங்கப் போறன். உன்ட எலிகள்ற பேரிலயும் ஒரு பிடி அரிசி போடுறன்."

நின்ற இடத்திலேயே சத்தமாக அழுதுவிட்டேன். பக்கத்து அறைக்காரர் ஓடிவந்து, எந்தப் பரிசோதனை குழம்பிப்போனது என்று கேட்டார். ஒன்றும் குழம்பவில்லை, பலித்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்காக யாரும் அழுததில்லை.