எஸ்.எஸ்.டி. போட்டால் மேட்டில் ஏறுமா

என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். விடியுமுன் டிப்போவுக்குப் போனால், புதுக்கடைக்கும் நாகர்கோவிலுக்குமாக நாலு நடை போய்வந்து சாயங்காலம் வீடு திரும்புவார். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவார். முகம் கழுவுவார். கட்டன்சாயா குடிப்பார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பஸ் ஓட்டுவார்.

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் படிக்கும்போது கேம் விளையாடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். போகுமுன், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தாள். மலைச்சாலை, பஸ் ஸ்டாண்டு, ஏறி இறங்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு.

"பகல் பூரா ஓட்டினது போதாதா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அது சோலியாக்கும். இது விளையாட்டு. இதுல எவனும் படியில தொங்கமாட்டான்."

காக்கியைக் கழற்றாமல் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யூனிஃபார்மோடு ஓட்டினால் அது டூட்டி ஆகிவிடுமாம். மற்றபடி, சின்ன வளைவுக்கும் இண்டிகேட்டர் போட்டு, எல்லா நிறுத்தத்திலும் நிறுத்தி, நாற்பதுக்கு மேல் போகாமல் இரண்டு விரலால் பஸ் ஓட்டுகிற ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

நாளாக ஆகக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. விளையாட்டைத் திறந்தால் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து மறுமுனைக்குப் போய்ச் சேர நாலு நிமிஷம் பிடிக்கும். ஓடத் தொடங்கிய பிறகும் ஊர் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. வெறும் வயலாகக் கிடக்கும் இடத்தில் இவர் வண்டியைத் திருப்புவார். பாதி திரும்பும்போது அங்கே ஒரு கல்யாண மண்டபம் முளைக்கும். பஸ் மண்டபத்துக்குள் நிற்கும்.

"இருவத்திரெண்டு வருசமா ஒரு சைக்கிளக்கூடத் தட்டாதவனாக்கும் நான்," என்று திரையைப் பார்த்து வருத்தப்படுவார்.

நிறுத்தங்களில் நிற்கும் ஆட்களுக்கும் இதே கதிதான். முதலில் கால்சட்டையும் சட்டையும் வரும், தலை பின்னால் வரும். தலை வந்து சேரும்வரை இவர் கதவைத் திறக்கமாட்டார். தலை இல்லாதவனை எப்படி ஏற்றுவது என்பது அவர் கேள்வி.

எனக்கு இந்த மந்தத்தில் குறையொன்றும் இல்லை. பச்சைக் கோடு ஊர்கிற அந்த நாலு நிமிஷமும் எனக்குச் சொந்தம். திருவலக்குற்றியை அவர் முன்னால் போட்டு, ஒரு மூடித் தேங்காயைக் கையில் கொடுத்துவிடுவேன். கண் திரையில் இருக்கும், கை தன்பாட்டுக்குத் துருவிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

ஒருநாள் மகள் வீடியோ காலில் வந்தாள். இவர் மண்டபத்துக்குள் போன கதையைச் சொன்னார்.

"அது பழைய ஹார்டு டிஸ்க்குப்பா. எஸ்.எஸ்.டி.ன்னு புது மாதிரி டிஸ்க்கு இருக்கு, அத மாத்துங்க. பறக்கும்," என்றாள்.

பறக்கும் என்ற அந்த ஒரு சொல்லால்தான் எல்லாம் வந்தது. மறுநாள் இவர் அதைக் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் பல வருஷமாக ஒரே வண்டி, ஒரே தடம். இவர் உண்டு என்றால் அவர் இல்லை என்பார், மழை உட்பட.

"எனக்க மருமகனும் ஒண்ணு மாட்டினான் வேய். ஒரு வித்தியாசமும் இல்ல. எல்லாம் ஏமாத்து," என்றாராம் கண்டக்டர்.

ஒரு வாரம் இந்த வழக்கு ஓடும் பஸ்ஸில் நடந்தது. முன்சீட்டுக்காரர்கள் இவர் பக்கமும் பின்சீட்டுக்காரர்கள் கண்டக்டர் பக்கமும் பிரிந்துவிட்டார்கள். மீன் விற்றுவிட்டு வெறும் பாத்திரத்தோடு திரும்பும் கடியப்பட்டணத்துக்கார அம்மா ஒருத்தி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "மக்கா, அந்த டிஸ்க்கு போட்டா மேட்டுல ஏறுமா? இந்த வண்டி ஏறமாட்டேங்குதே," என்றாராம். ஓடுகிற பஸ்ஸுக்குத்தான் ஏதோ புதிதாக மாட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். வாய்ச்சண்டையாக மட்டும் ஒரு விஷயம் நீண்டுகொண்டே போவதை என்னால் சகிக்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை சோதன பண்ணிப் பாத்துரலாம். அவரையும் வரச் சொல்லுங்க," என்றேன்.

புதுக்கடையில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம், எஸ்.எஸ்.டி.யை மாட்டுங்கள், ஆனால் பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கட்டும், விளையாட்டை இரண்டிலும் ஏற்றுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"டீச்சர், வேகம் வேணும்னுதான் எல்லாரும் வருவாவ. மெதுவாவும் ஓடணும்னு கேட்டு வந்தது நீங்க மட்டும்தான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் கண்டக்டர் வந்தார். விடுமுறை நாளிலும் அக்குளில் தோல்பை இருந்தது. நான் புது நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை எல்லாம் எழுதி, கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மூன்று அளவீடு. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது முன்பு படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

பழைய டிஸ்க்கில் நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மூன்று தடவையும் கண்டக்டர் கொட்டாவி விட்டார். புதியதில் கோடு ஊரவே இல்லை. பச்சையாக ஏதோ தெரிந்தது, அதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இருபது வினாடிகூட ஆகவில்லை. வண்டியை எடுத்தால் மண்டபம் அதன் இடத்தில் ஒழுங்காக நின்றது. நிறுத்தத்தில் எல்லோருக்கும் தலை இருந்தது.

"பாத்தீரா வேய்," என்றார் இவர்.

கண்டக்டர் அசரவில்லை. "அது கெளம்புறதுக்கு உள்ள கத. டவுனுக்குள்ள விடும், பாப்போம்."

டவுனுக்குள் விட்டார். சந்தைக்கூட்டத்தில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பழைய டிஸ்க்கில் பார்த்தோம், அங்கேயும் அதே திக்கல். வினாடிக்கு எத்தனை படம் என்று மூலையில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

"இப்ப என்ன சொல்லுதீரு?" என்றார் கண்டக்டர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வகுப்புக் குரலில் சொன்னேன். "டிப்போ வாசல அகலமா வச்சா வண்டி சட்டுன்னு வெளிய வரும். அதுதான் எஸ்.எஸ்.டி. ரோட்டுல இழுக்குறது இன்ஜினாக்கும். அது கிராபிக்ஸ் கார்டு. வாசல இடிச்சுப் பெருசாக்கினா இன்ஜினுக்கு வலு கூடாதே."

"அப்ப நான் சொன்னது செரி," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பிறகு கண்டக்டருக்குப் புது சந்தேகம் வந்தது. புதிய டிஸ்க்கில் ஓட்டும்போது இவர் வேண்டுமென்றே நிதானமாக, நல்ல பெயர் வரும்படி ஓட்டினார் என்றார். கண்டக்டர் ஓட்டினால் கெடுத்துவிடுவார் என்று இவருக்குச் சந்தேகம். நடுநிலையான ஆள் நான்தான் என்று முடிவாகி, என்னை உட்கார வைத்தார்கள்.

ஸ்கூட்டர்கூட ஓட்டாதவள் நான். கீபோர்டில் மேல் அம்பை அழுத்தினேன். பஸ் கிளம்பியது. அழுத்திக்கொண்டே இருந்தேன். இளநீர்க்கடை போனது, போலீஸ்காரர் நகர்ந்துகொண்டார், பாலத்தின் கைப்பிடியும் போனது.

"பிரேக், பிரேக்," என்றார் இவர்.

"இறங்குற ஆளுண்டு டீச்சர்," என்று கண்டக்டர் பழக்கதோஷத்தில் சொன்னார்.

பஸ் ஆற்றுக்குள் போய், பயணிகள் எல்லோரும் இருக்கையில் அப்படியே அமர்ந்திருக்க, மெதுவாக அமிழ்ந்தது. தண்ணீர் ஒரு திக்கலும் இல்லாமல் வந்தது. அதை நான் நோட்டில் குறித்தேன்.

"இவளுக்கக் கையில வண்டிய குடுக்கப்படாது," என்றார் இவர்.

"குடுக்கவே படாது," என்றார் கண்டக்டர். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

ஆனால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், அவர் வருவதற்குள் ஒரு நடை போய்வரலாம் என்று உட்கார்ந்தேன். இருபது வினாடியில் கிளம்பிவிடுகிற வண்டியை யார்தான் வேண்டாம் என்பார்கள். அவர் வந்து, முகம் கழுவி, சாயா குடித்து முடித்த பிறகும் நான் மலைப்பாதையில்தான் இருந்தேன். அவர் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, "கியர கொற, வளைவாக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் எங்கள் வீட்டு அவியலில் தேங்காயே இல்லை.

அடுத்த மாதம் தேர்வுப் பணிக்காக மண்டைக்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பாதி வழி இவருடைய பஸ்ஸிலேயே போனேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. ஒரு முக்கில் எதிரே லாரி வந்தது. என்னை அறியாமல், "ஹார்ன் அடிச்சிட்டுத் திரும்புங்க," என்றேன்.

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண்டக்டர்தான் வந்து, "டீச்சர், இதுல ஆளுவ உண்டு. கொஞ்சம் சும்மா இருக்கணும்," என்றார்.

செரி என்றேன். பக்கத்தில் இருந்த பெண் குனிந்து என் காலைப் பார்த்தார். வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கால் மரத்துப் போச்சா மக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.